படத்தின் இடது ஓரம்

19 ஆகஸ்ட் 2019, திங்கள்

வேலைக்குச் சேர்ந்த முதல் நாள். வேதக்குளம் மிக்கேல் அதிதூதர் கோயிலுக்கு இந்த வருடம் நூற்றைம்பது வயது. செப்டம்பர் 29 திருநாளுக்குப் பங்கு மண்டபத்தில் கண்காட்சி வைக்கிறார்கள். பழைய பொருள்களைத் துடைத்து, போட்டோ எடுத்து, ஒவ்வொன்றுக்கும் ஒரு விவர அட்டை எழுதுவது என் வேலை. வரலாறு படித்த பிள்ளை என்று ஃபாதர் பெலிக்ஸ் சேர்த்துக்கொண்டார். அவரே ஜூனில்தான் இந்தப் பங்குக்கு மாறி வந்தார்.

மேசையில் வந்த முதல் பொருள் ஒரு நீர்வண்ண ஓவியம். கோயிலின் உட்புறம். 1943 என்று கீழே வலது மூலையில் இருக்கிறது, எல். ஹார்ட்லி என்று கையெழுத்து. யுத்த காலத்தில் பக்கத்து விமானத்தளத்தில் இருந்த வெள்ளைக்காரச் சிப்பாயாம். மலேரியா கண்டு சாமியார் பங்களாவில் படுத்திருந்து, தேறியதும் வரைந்து கொடுத்துவிட்டுப் போனார் என்று திருநாள் கமிட்டிச் செயலாளர் இன்னாசிமுத்து சார் சொன்னார். சார் ரிட்டயர்டு ஹெட்மாஸ்டர், அவர் அப்பா அந்தக் காலத்துக் கோயில் பெரியவர்.

"கண்ணாடி மேல கைய வைக்காதம்மா. ரொம்பப் பழசு."

வைக்கவில்லை. கைக்குட்டையால் துடைத்தேன்.

நல்ல ஓவியம். தலைவாசலில் நின்று பீடத்தைப் பார்ப்பதுபோல் இருக்கிறது. ஜன்னல்களில் பாதிக் கண்ணாடி வரை கறுப்புத் தாள் ஒட்டியிருக்கிறது. விமானக் குண்டுக்குப் பயந்து வெளிச்சத்தை மறைத்த காலம். மீதிப் பாதி வழியாக வரும் வெயில் தரையில் சாய்ந்து விழுகிறது. வலது பக்கம் பெஞ்சுகள், எல்லாம் காலி. படத்தில் ஒரு ஆள்கூட இல்லை. இடது ஓரத்தில், வாசலிலிருந்து பீடத்துப் படிவரை நீளமாக ஒரு மர அழி, கம்புகள் வைத்த தடுப்பு. அதற்கு அப்பால் சட்டத்தின் உள் அட்டை மறைத்துவிடுகிறது.

அட்டைக்கு எழுதியது: "மரவேலைப்பாடுகளுடன் கூடிய கோயிலின் உட்புறத் தோற்றம்." வேறு என்ன எழுத.

22 ஆகஸ்ட், வியாழன்

சென்னையிலிருந்து ஆர்க்கிடெக்ட் வந்தார்கள். அபர்ணா மேடம். என்னைவிட ஐந்தாறு வயதுதான் கூட இருக்கும், ஆனால் எல்லோரிடமும் நிமிர்ந்து பேசுகிறார்கள். கோயிலைப் பழைய மாதிரியே புதுப்பிக்கும் பொறுப்பு அவர்களுடையது. ஓவியத்தைப் பார்த்ததும் கன்னத்தில் கை வைத்துக்கொண்டார்கள்.

"ஃபாதர், இதுதான் நமக்கு ஆதாரம்! சுவர்ல இருக்கிற அந்த நீலக் கரை, பிரசங்க மேடைப் படி, எல்லாம் இதுல இருக்கு. இந்தக் கிராதியப் பாருங்க, என்ன அழகு! இப்ப எங்க அது?"

ஃபாதர் இன்னாசிமுத்து சாரைப் பார்த்தார்.

"அது பாட்டுக்காரப் பிள்ளைகளுக்காக வச்சிருந்தது," என்றார் சார். "கரையான் அரிச்சு எடுத்தாச்சு. எப்பவோ."

"அப்போ அதையும் திரும்ப வைக்கலாம். திருநாளுக்கு முன்னாடியே. மக்கள் பார்த்தா சந்தோஷப்படுவாங்க இல்ல?"

"தாராளமா," என்றார் சார்.

நான் மேடத்தின் அளவு டேப்பின் மறுமுனையைப் பிடித்துக்கொண்டு நின்றிருந்தேன். டேப்பின் எண்களையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

23 ஆகஸ்ட்

அழி விஷயத்தை அம்மாவிடம் சொல்லவில்லை.

25 ஆகஸ்ட், ஞாயிறு

இரண்டாம் பூசைக்குப் போனோம். அம்மா எப்போதும்போல இடது பக்கக் கதவோரம், தரையில். பெஞ்சில் இடம் இருந்தது. ஃபேன்களும் அங்கேதான் ஓடுகின்றன. "இங்கதான் காத்து வரும்" என்பாள். முட்டியில் வலி, ஒவ்வொரு முறை எழும்போதும் முழங்கால் சொடுக்கென்று சத்தம் போடுகிறது. அப்படியும் அங்கேதான். முக்காட்டை இடது காதின்மேல் இழுத்து விட்டுக்கொள்வாள். அந்தக் காது மடல் கிழிந்து ஒட்டியது. சின்ன வயதில் கம்மல் எங்கோ மாட்டி அறுந்துவிட்டதாம்.

தரையில் வாசலிலிருந்து பீடத்துப் படிவரை ஒரே வரிசையில் சிமென்ட் பொட்டுகள் இருக்கின்றன. பழைய குழிகளைப் பூசி அடைத்த இடங்கள். சிறுபிள்ளையில் பிரசங்க நேரத்தில் விரலால் தொட்டுத் தொட்டு எண்ணுவேன், அம்மா கையில் அடிப்பாள். இன்று தொடாமல் எண்ணினேன். பதினேழு.

ஓவியத்திலும் அழிக்குப் பதினேழு தூண்கள். போட்டோவைப் பெரிதாக்கிப் பார்த்தேன். சும்மாதான்.

29 ஆகஸ்ட், வியாழன்

தச்சர் ராயப்பன் அண்ணன் அளவெடுக்க வந்தார். ஓவியத்தை வைத்துக் கணக்குப் போட்டு மேடம் ஒரு இடைவெளி சொன்னார்கள். அவர் டேப்பை விரித்தார். முதல் தூண் முதல் சிமென்ட் பொட்டில் விழுந்தது, இரண்டாவது இரண்டாவதில்.

"பாருங்க, எப்படிப் பொருந்துது!" மேடம் கையைத் தட்டினார்கள். "லின்சி, ஒரு சாக்பீஸ் எடுத்து எல்லாப் பொட்டையும் சுத்தி வட்டம் போட்டுரு. நாளைக்கு ஃபாதருக்குக் காட்டணும்."

ராயப்பன் அண்ணன் என்னைப் பார்த்தார். அவர் பெஞ்சுப் பக்கத்து ஆள்தான், ஆனாலும் பார்த்தார். பிறகு பென்சிலைக் காதில் செருகிக்கொண்டு வெளியே பீடி குடிக்கப் போய்விட்டார்.

நான் வட்டம் போட்டேன். பதினேழும் போட்டேன். நல்ல வட்டமாகத்தான் வந்தது.

30 ஆகஸ்ட், வெள்ளி

வெள்ளிதோறும் மாதா சபைப் பெண்கள் கோயிலைக் கூட்டுவார்கள் என்பதை எப்படி மறந்தேன்? அம்மாவின் முறை இன்று.

நான் வீட்டுக்கு வந்தபோது அவள் முறத்தில் அரிசியை வைத்துக்கொண்டு கல் பொறுக்காமல் உட்கார்ந்திருந்தாள்.

"அந்த வட்டத்தயெல்லாம் யாருட்டி போட்டது?"

"ஆர்க்கிடெக்ட் மேடம் போடச் சொன்னாங்க."

"போட்டது யாருன்னு கேட்டேன்."

சொன்னேன். அழி திரும்ப வரப்போவதையும் சொன்னேன். பாட்டுக்காரர்களுக்கு என்று சார் சொன்னதைச் சொன்னபோது அம்மா சிரித்தாள். எனக்கு அந்தச் சிரிப்பு பிடிக்கவில்லை.

"பாட்டுக்காரங்களுக்கா? அந்தாண்ட அவங்க, இந்தாண்ட நாம. அதுக்குத்தாம்ட்டி அழி. நன்மை அப்பம் குடுக்கதுகூட அவங்களுக்குக் குடுத்து முடிச்சப் பெறவுதான் சாமியார் இந்தாண்ட வருவாரு."

இது எனக்குத் தெரியும். தெரியாது என்று எழுதினால் பொய். ஆனால் அம்மா வாயால் சொல்லிக் கேட்டதில்லை.

பிறகு முக்காடு இல்லாத தலையில், அந்தக் காதைத் தொட்டுக்கொண்டு சொன்னாள். அவளுக்கு ஆறு வயது. கிறிஸ்துமஸ் பூசை. குடில் அந்தப் பக்கம் வைத்திருந்தார்கள். குழந்தை சேசுவைப் பார்க்கவேண்டும் என்று அழியின் இரண்டு கம்புக்கு நடுவில் தலையை விட்டுவிட்டாள். உள்ளே போன தலை திரும்பி வரவில்லை.

"அந்தாண்ட இருந்து ஒரு ஆளு தலையப் புடிச்சு லேசாத் திருப்பித் தள்ளிவிட்டாப் போதும். பெஞ்சுல இருந்தவங்க எனக்கு இந்தா, இம்புட்டுத் தூரந்தான். பூச முடியுத வரைக்கும் எல்லாரும் பாத்துக்கிட்டே இருந்தாவ. ஒரு ஆளு தொடலட்டி. கடைசில எங்கய்யா இந்தாண்ட இருந்து காலப் புடிச்சு இழுத்தாவ. காது கம்புல மாட்டிக் கிழிஞ்சிட்டு."

"கம்மல்னு சொன்ன?"

"கம்மல் போட நமக்கு ஏது?"

அடுத்த வருடம் பிஷப் வந்து அழியை எடுக்கச் சொன்னாராம். எடுத்த மரத்தை யாரும் விறகுக்குக்கூட வாங்கவில்லையாம்.

"அப்ப எடுத்தாச்சுல்லா. பின்ன ஏன் இன்னும் இந்தப் பக்கமே உக்காருத?"

"காத்து வருதுல்லா," என்றாள். முறத்தைத் தட்டிக் கல் பொறுக்க ஆரம்பித்தாள்.

3 செப்டம்பர், செவ்வாய்

ஓவியத்தின் உள் அட்டையில் பூஞ்சை. திருநாள் மலரில் அச்சடிக்க நல்ல பிரதி வேண்டும், சட்டத்தைக் கழற்றி ஸ்கேன் செய் என்று மேடம் சென்னையிலிருந்து மெசேஜ் போட்டிருந்தார்கள். பழைய ஆணிகளைக் குறடால் ஒவ்வொன்றாக எடுத்தேன். கிழிந்துவிடக் கூடாதே என்று மூச்சைக்கூட மெதுவாக விட்டேன்.

தாள் சட்டத்தைவிடப் பெரியது. இடது பக்கம் நான்கு விரல் அகலத்துக்குப் பின்னால் மடித்து வைத்திருக்கிறார்கள்.

கதவைத் தாழ் போட்டுவிட்டு வந்து மடிப்பைக் கொஞ்சம் தூக்கிப் பார்த்தேன்.

அழிக்கு இடது பக்கம். தரையில் ஆட்கள். பதினோரு பேர். வெள்ளைச் சேலைக்காரி ஒருத்தி மடியில் பிள்ளையை வைத்திருக்கிறாள். ஒருவர் துண்டை மடித்து முழங்காலில் போட்டிருக்கிறார். மற்ற இடமெல்லாம் அவசரமாகத் தீற்றிய வண்ணம். இங்கே மட்டும் ஒவ்வொரு முகத்துக்கும் தனி நிறம். வெயில் அவர்கள்மேல்தான் விழுகிறது. இத்தனை நாள் காலித் தரையில் விழுகிறது என்று நினைத்த வெயிலின் மீதி அது.

பின்புறம் பென்சிலில் ஆங்கிலத்தில் எழுதியிருக்கிறது. தமிழில் இப்படி வரும்: "அழிக்கு அப்பால் தரையில் அமர்பவர்கள். பூசைக்கு ஒரு மணி நேரம் முன்பே வந்துவிடுகிறார்கள். இவர்களை வரைய வேண்டாம் என்று கோயில் பெரியவர் கேட்டுக்கொண்டார். ஆனால் வெளிச்சம் அங்கேதான் நன்றாக இருந்தது."

மூன்று முறை படித்தேன். யாரோ கதவைத் தட்டினார்கள். அஞ்சல்காரர்.

4 செப்டம்பர்

மடிப்பை இருந்தபடியே வைத்து ஆணி அடித்துவிட்டேன். தெரிந்த பகுதியை மட்டும் ஸ்கேன் செய்து அனுப்பினேன். அவர்கள் கேட்டது அதுதானே.

8 செப்டம்பர், ஞாயிறு

மாதா பிறந்தநாள். பூசைக்குப் பிறகு பாயசம் கொடுத்தார்கள். இன்னாசிமுத்து சார் என் டம்ளரைப் பார்த்து, "இன்னும் கொஞ்சம் வாங்கிக்கோம்மா," என்றார். நல்ல மனிதர்தான். பத்தாம் வகுப்பில் எனக்குப் பரிசு கொடுத்ததே அவர் கையால்.

"படத்துக்கு அட்டை எழுதிட்டியா?"

கொடுத்தேன். சட்டைப் பையிலிருந்து பேனாவை எடுத்து, நான் "மரவேலைப்பாடுகளுடன்" என்று எழுதியிருந்ததை அடித்து "பாடகர் குழுவின் கிராதியுடன்" என்று திருத்தினார். அழகான கையெழுத்து.

"ஸ்கூல் லைப்ரரி வேலை விஷயமா ஃபாதர்ட்டப் பேசியிருக்கேன். திருநாள் முடியட்டும். உங்க குடும்பத்துல மொத டிகிரி நீதான?"

"ஆமா சார்."

"பெருமையா இருக்கு. இப்பிடியே அமைதியா இருந்து முன்னுக்கு வரணும்."

பாயசத்தில் முந்திரி நிறைய இருந்தது. என்னால் முடிக்க முடியவில்லை.

10 செப்டம்பர்

நகம் கடிப்பதை நிறுத்த வேண்டும்.

12 செப்டம்பர், வியாழன்

ஃபாதரிடம் சொல்லிவிடுவது என்று முடிவு செய்து போனேன். வழியெல்லாம் வாக்கியத்தைச் சொல்லிப் பார்த்தேன். "ஃபாதர், அந்த அழி பாட்டுக்காரர்களுக்கானது இல்லை." இவ்வளவுதான். ஐந்தே வார்த்தை.

அவர் போனில் கொடித்துணி தைப்பவரிடம் கத்திக்கொண்டிருந்தார். கையால் உட்காரச் சொன்னார். நான் உட்காரவில்லை. போனை வைத்ததும், "சொல்லும்மா லின்சி," என்றார்.

"ஃபாதர், அந்தப் படத்துக்குக் கண்ணாடி மாத்தணும். சட்டம்கூட. பூஞ்சை பிடிச்சிருக்கு."

"இதுக்கா இம்புட்டு பயந்து நிக்கீங்க? மாத்திக்கிடுங்கம்மா."

வெளியே வந்து வேப்பமரத்தடியில் நின்று என்னையே திட்டிக்கொண்டேன். சைக்கிள் பூட்டைத் திறக்கும்போதுதான், மாற்றிக்கொள்ளுங்கள் என்று அவர் சொல்லிவிட்டது உறைத்தது.

14 செப்டம்பர், சனி

டவுனுக்கு பஸ்ஸில் போனேன். படத்தைச் சேலையில் சுற்றி மடியிலேயே வைத்திருந்தேன். பக்கத்துச் சீட்டம்மா, "என்ன பாப்பா, தூங்குதா?" என்று எட்டிப் பார்த்தார்.

ஃபிரேம் கடைக்காரர் சட்டத்தைப் பிரித்து உள்ளே பார்த்தார். "இது மடிச்சிருக்கே? இப்பிடியே போட்டுருவமா, விரிக்கணுமா?"

கடையில் ரேடியோ பாடிக்கொண்டிருந்தது. அவர் அவசரப்படாமல் நின்றார்.

"விரிங்க," என்றேன். அவர் காதில் விழவில்லை. இன்னொரு முறை சொல்ல வேண்டியிருந்தது.

"மடிப்புக் கோடு போவாது, பாத்துக்கோங்க. எழுவது எம்பது வருசமா இருந்திருக்கும். ஓரத்துல அட்ட வைக்காம முழுசாப் போட்டா அது தெரியத்தான் செய்யும்."

"தெரியட்டும்."

இரண்டு பஸ் மாறி வீட்டுக்கு வந்து இதை எழுதுகிறேன். செவ்வாய்க்கிழமை வாங்கிக்கொள்ளலாம் என்றார். இன்னும் மனசு மாறினால் போய் வேண்டாம் என்று சொல்லலாம். மூன்று நாள் இருக்கிறது.

17 செப்டம்பர்

வாங்கி வந்துவிட்டேன். புதிய அட்டையும் எழுதினேன். எதிலும் என் பெயர் போடவில்லை.

18 செப்டம்பர், புதன்

அழி வந்துவிட்டது. தேக்கு. வார்னிஷ் வாடை, பூசை உடைகள் வைக்கும் சக்கிரீஸ்தி அறை முழுதும். ராயப்பன் அண்ணன் கடைசல் வேலையில் கெட்டிக்காரர், படத்தில் இருப்பதுபோலவே செய்திருக்கிறார். கொடியேற்றத்துக்கு முன், வெள்ளி காலையில் நடுவார்களாம். பார்க்கக் கூடாது என்று நினைத்தும் ஒரு கம்புக்கும் அடுத்த கம்புக்கும் நடுவில் கையை வைத்து அளந்து பார்த்தேன். ஆறு வயதுப் பிள்ளையின் தலை போகும்.

19 செப்டம்பர், வியாழன்

இன்று நடந்ததை நடந்தபடி எழுதிவிடுகிறேன்.

காலை பத்து மணிக்குக் கமிட்டிக் கூட்டம். மண்டபத்தில் ஃபாதர், இன்னாசிமுத்து சார், கமிட்டிக்காரர்கள் ஆறு பேர், அபர்ணா மேடம். கண்காட்சிப் பொருள்களை வரிசையாக வைத்திருந்தேன். ஓவியத்தை மட்டும் துணி போட்டு மூடியிருந்தேன். ஃபாதர், "புதுக் கண்ணாடி போட்டாச்சாம்மா? காட்டுங்க," என்றார்.

துணியை எடுத்தேன். எடுத்துவிட்டுச் சுவரோரமாகப் போய் நின்றுகொண்டேன்.

மேடம்தான் முதலில் கிட்டே போனார்கள். "இது முன்னாடி இல்லையே? இவங்க யாரு? ஏன் தரையில உக்காந்திருக்காங்க? பெஞ்சு காலியாத்தானே இருக்கு?"

யாரோ நாற்காலியை நகர்த்தினார்.

இன்னாசிமுத்து சார் எழுந்தார். முகம் சிவந்திருந்தது. நேராக என்னிடம் வந்தார். "உன்னக் கண்ணாடி மாத்தத்தான சொன்னாங்க? எங்கப்பா மடிச்சு வச்சத உன்ன யாரு விரிக்கச் சொன்னா?"

மடிப்பு இருந்ததை நான் ஒருவரிடமும் சொல்லவில்லை. அம்மாவிடம்கூடச் சொல்லவில்லை. அது சாருக்கும் அப்போது புரிந்துவிட்டது.

"உங்களுக்குத் தெரியுமா சார்?" என்றார்கள் மேடம், மெதுவாக. "பாட்டுக்காரங்களுக்குன்னு சொன்னீங்களே?"

ஃபாதர் என்னைப் பார்த்தார். "லின்சி, இது யாரும்மா?"

பேச வராது என்று எனக்குத் தெரியும், எப்போதும் வராது. அதனால்தான் அட்டையைக் கையிலேயே வைத்திருந்தேன். படிப்பது பேசுவதைவிடச் சுலபம். படித்தேன். "வேதக்குளம் கோயிலின் உட்புறம், 1943. இடது ஓரத்தில் இருப்பது சாதி பிரித்து வைத்த அழி. அதற்கு அப்பால் தரையில் இருப்பவர்கள் இந்தப் பங்கின் மக்கள். இந்தப் பகுதி பல ஆண்டுகள் மடித்து மறைக்கப்பட்டிருந்தது. அழி 1975இல் ஆயரின் உத்தரவால் அகற்றப்பட்டது." பிறகு ஹார்ட்லி பென்சிலில் எழுதியதையும் படித்தேன், அந்த வெளிச்சம் வரைக்கும்.

அட்டையில் இல்லாத ஒன்று என் வாயிலிருந்து வந்தது. "எங்க அம்மா காது இதுலதான் பிஞ்சது ஃபாதர்."

அதற்குப் பிறகு யார் என்ன பேசினார்கள் என்று சரியாக நினைவில்லை. கமிட்டிக்காரர் ஒருவர் "பழசக் கிளறி என்ன ஆவப்போவுது" என்றார். மேடம் தன் ஃபைலைத் திறந்து வரைபடத்தில் ஒரு கோட்டைச் சிவப்புப் பேனாவால் அடிப்பதைப் பார்த்தேன். அடித்துவிட்டு, "லின்சி, நான் உன்ன வட்டம் போடச் சொன்னேன் இல்ல," என்றார்கள். தலையை ஆட்டினேன்.

வெளியே வரும்போது சார் வராந்தாவில் தனியாக நின்றிருந்தார். "எங்கப்பா நல்லவரும்மா," என்றார். "எல்லாருக்கும் நல்லதுதான் செஞ்சாரு."

"ஆமா சார்," என்றேன். எனக்கு அவரைத் தெரியாது.

20 செப்டம்பர், வெள்ளி

கொடியேறியது. அழியை நடவில்லை. நடமாட்டோம் என்றும் யாரும் சொல்லவில்லை. ஃபாதர் பிரசங்கத்தில் மிக்கேல் அதிதூதரைப் பற்றி மட்டுமே பேசினார். காலையிலிருந்து நான்கு முறை சக்கிரீஸ்திக்குள் எட்டிப் பார்த்துவிட்டேன். அழி அங்கேயே சாய்ந்து நிற்கிறது.

23 செப்டம்பர்

லைப்ரரி வேலை வேறு ஆளுக்கு.

24 செப்டம்பர், செவ்வாய்

அம்மாவிடம் வேலை போனதைச் சொன்னேன். "எந்த வேல?" என்றாள். அவளுக்குச் சொல்லியிருக்கவே இல்லை என்பது அப்போதுதான் நினைவு வந்தது. சொன்னேன். மற்றதையும் சொன்னேன். காதைப் பற்றி எல்லோர் முன்னாலும் சொன்னதற்குத் திட்டுவாள் என்று பயந்தேன்.

"எல்லாருக்கும் கேக்கற மாதிரியா சொன்ன?"

"கேட்டிருக்கும்."

"உனக்கா சத்தம் வந்துச்சு?" என்று கேட்டுவிட்டு அடுப்பைப் பார்க்கப் போனாள்.

26 செப்டம்பர், வியாழன்

கண்காட்சி திறந்தாயிற்று. மத்தியானம் போனபோது ஓவியத்துக்கு யாரோ பிளாஸ்டிக் மாலை போட்டிருந்தார்கள், இடது பக்கம் முழுதும் மறையும்படி. மரியாதைக்குப் போட்டதாகவும் இருக்கலாம். எடுத்து மிக்கேல் சுரூபத்துக்குப் போட்டேன். நான்கு மணிக்கு மாலை திரும்ப ஓவியத்தில். மறுபடி எடுத்தேன். ஆறு மணிக்குப் போனபோது ராயப்பன் அண்ணன் படத்தின்முன் நின்றிருந்தார். மாலை அவர் கையில் இருந்தது. என்னைக் கண்டதும், "இது இங்க எதுக்கு, மறைக்குது," என்று சொல்லி எடுத்துக்கொண்டு போய்விட்டார்.

அழியைத் தேர்க் கொட்டகைக்குத் தூக்கிப் போய்விட்டார்கள். அறுக்கவில்லை. தார்ப்பாய் போட்டு மூடியிருக்கிறது.

29 செப்டம்பர், ஞாயிறு. திருநாள்

பெருவிழாப் பூசை. நல்ல கூட்டம். அம்மாவும் நானும் இடது கதவு வழியாகத்தான் உள்ளே போனோம். தரையில் என் சாக்பீஸ் வட்டங்கள் பாதி அழிந்து இருந்தன. அம்மா வழக்கமான இடத்தில் உட்காரப் போனாள். நான் உட்காரவில்லை. ஏன் என்று தெரியாது, கால் நடந்தது. சிமென்ட் பொட்டுகளைத் தாண்டி மூன்றாவது பெஞ்சில் போய் உட்கார்ந்துகொண்டேன். உட்கார்ந்திருந்த இரண்டு பெண்கள் நகர்ந்து இடம் விட்டார்கள், அல்லது விலகினார்கள். திரும்பிப் பார்க்கப் பயமாக இருந்தது. கைகளை மடியில் வைத்துக்கொண்டு பீடத்தையே பார்த்தேன்.

நற்செய்தி வாசகத்துக்கு எல்லோரும் எழுந்தபோது பின்னால் முழங்கால் சொடுக்குச் சத்தம் கேட்டது. அந்தச் சத்தம் எனக்குத் தெரியும். ஆனால் அது தூரத்தில் இல்லை. பக்கத்தில் வந்து நின்றது.

பிரசங்கம் தொடங்கியதும் கரண்ட் போய்விட்டது. ஃபேன்கள் நின்றன. வேர்வை கொட்டியது. அம்மாவின் முக்காடு நழுவிக் காது தெரிந்தது. அவள் இழுத்து விட்டுக்கொள்ளவில்லை.

"இங்க காத்து வருதாம்மா?" என்று மெதுவாகக் கேட்டேன்.

"ஒரு பொட்டுக் காத்து இல்லட்டி," என்றாள்.

பூசை முடிகிறவரை அவள் எழுந்து போகவில்லை.